தீர்வில்லா ஒருபடிச் சமன்பாடுகளின் வரலாறு

தீர்வில்லா ஒருபடிச் சமன்பாடுகள் என்பவை, மாறிகளுக்கு எந்த மதிப்பைக் கொடுத்தாலும் ஒருசேர நிறைவு பெறாத சமன்பாடுகள் ஆகும். ஒருபடிச் சமன்பாட்டை நேரியல் சமன்பாடு என்றும் சொல்வர். தீர்வில்லாத தொகுப்பைப் பள்ளிப் பாடநூல்கள் ‘ஒருங்கமைவற்றது’ என்று குறிப்பிடுகின்றன. பாடநூலில் எக்ஸ், ஒய் என வரும் மாறிகளை இக்கட்டுரையில் க, ச என்று எழுதியுள்ளேன்.

க + ச = 10
2க + 2ச = 23

முதல் சமன்பாட்டை 2-ஆல் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழித்தால் மாறிகள் இரண்டும் மறைந்துவிடும். எஞ்சுவது 0 = 3. வரைபடத் தாளில் வரைந்து பார்த்தால் இரண்டும் இணைகோடுகள். அவை எங்கும் வெட்டிக்கொள்வதில்லை.

நான் பணியிலிருந்த காலத்தில் ஒரு மாணவி இப்படிப்பட்ட கணக்கில் 0 = 3 என்று வந்ததும் பக்கத்தை அடித்துவிட்டு மூன்று முறை திரும்பச் செய்தாள். மூன்று முறையும் அதேதான் வந்தது. கேள்வியில் அச்சுப்பிழை இருக்கும், விட்டுவிடு என்றேன். அன்று மாலை மீண்டும் பார்த்தபோதுதான் தெரிந்தது, கேள்வி சரி. ‘தீர்வு இல்லை’ என்பதே விடை. மறுநாள் வகுப்பில் என் தவற்றைச் சொன்னேன். அந்த மாணவிக்கும் எனக்கும் வந்த தடுமாற்றம் மிகப் பழையது. 0 = 3 என்று வந்தால் யார் மீது குற்றம்? செய்தவர் மீதா, கேட்டவர் மீதா, எண்கள் மீதா? கணித வரலாற்றில் இக்கேள்விக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டுள்ளன.

விடை உள்ள கணக்குகளின் காலம்

பல மாறிகள் கொண்ட ஒருபடிச் சமன்பாடுகளை முறையாகத் தீர்த்துக் காட்டும் மிகப் பழைய நூல்களுள் ஒன்று, சீனாவின் ஆன் மரபினர் ஆட்சிக் காலத்தைச் சேர்ந்த ‘கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்’. அதன் எட்டாம் அத்தியாயத்தில் 18 கணக்குகள் உள்ளன. முதல் கணக்கு தானியக் கட்டுகளைப் பற்றியது. மேல்தரக் கட்டு 3, நடுத்தரக் கட்டு 2, கீழ்த்தரக் கட்டு 1 சேர்ந்தால் 39 படி. 2, 3, 1 சேர்ந்தால் 34 படி. 1, 2, 3 சேர்ந்தால் 26 படி. (படி என்பது நான் இட்ட பெயர், அவர்களுடைய அளவு வேறு.) விடை முறையே 9¼, 4¼, 2¾. எண்களைக் கணக்குக் குச்சிகளால் பலகையில் அடுக்கி, ஒரு நிரலிலிருந்து மற்றொன்றைத் திரும்பத் திரும்பக் கழித்து இவ்விடையைப் பெற்றனர். இன்று மாணவர்கள் செய்யும் நீக்கல் முறையும் அடிப்படையில் இதுவே.

அதே அத்தியாயத்தின் 13ஆம் கணக்கில் ஐந்து குடும்பங்கள் ஒரு கிணற்றில் நீர் இறைக்கின்றன. எந்தக் குடும்பத்தின் கயிறும் தனியே எட்டவில்லை. முதல் குடும்பத்தின் இரண்டு கயிறுகளோடு இரண்டாம் குடும்பத்தின் ஒரு கயிற்றை முடிந்தால் எட்டுகிறது. இரண்டாம் குடும்பத்தின் மூன்றோடு மூன்றாம் குடும்பத்தின் ஒன்று. இப்படியே போய் ஐந்தாம் குடும்பத்தின் ஆறோடு முதல் குடும்பத்தின் ஒன்று. தெரியாத எண்கள் ஆறு, சமன்பாடுகள் ஐந்து. எனவே எண்ணற்ற தீர்வுகள் உண்டு. நூல் தரும் விடை: கிணற்றின் ஆழம் 721, கயிறுகள் 265, 191, 148, 129, 76. கி.பி. 263இல் இந்நூலுக்கு உரை எழுதிய லியு உய், இவை விகிதங்களைத்தாம் சொல்கின்றன என்று குறித்துள்ளார்.

ஆக, தீர்வு அளவுக்கு மிஞ்சிக் கிடக்கும் நிலையை அவர்கள் கண்டிருந்தனர். தீர்வே இல்லாத கணக்கு ஒன்றுகூட அந்தப் பதினெட்டில் இல்லை. இதில் வியப்பு எதுவும் இல்லை. கணக்கு அமைப்பவர் பெரும்பாலும் விடையை முதலில் வைத்துக்கொண்டுதான் கேள்வியைக் கட்டுகிறார். ஆசிரியர்களாகிய நாங்களும் அப்படித்தான் செய்தோம். விடையிலிருந்து பிறந்த கேள்விக்கு விடை இல்லாமல் போகாது.

எந்த எண்களை ஏற்பது?

‘தீர்வு இல்லை’ என்ற சொல் கணித நூல்களில் முதலில் நுழைந்தது இணைகோடுகளின் வழியாக அன்று. எண் என்று எதை ஒப்புக்கொள்வது என்ற கேள்வியின் வழியாக அது நுழைந்தது.

அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தியோபாந்தசு தம் ‘அரித்மெட்டிகா’ நூலின் ஐந்தாம் பகுதியில் ஓரிடத்தில் 4க + 20 = 4 என்ற சமன்பாட்டை வந்தடைகிறார். அதைப் பொருந்தாதது என்று ஒதுக்கிவிட்டு வேறு வழி தேடுகிறார். 20-உடன் ஏதோ ஒன்றைக் கூட்டி எப்படி 4 வரும் என்பது அவர் எண்ணம். இன்று ஏழாம் வகுப்பு மாணவர் க = −4 என்று சொல்லிவிடுவார். தியோபாந்தசுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. குறை எண் என்ற ஒன்று அவருடைய எண்களில் இல்லை.

கி.பி. 628இல் பிரம்மகுப்தர் தம் ‘பிரம்மஸ்புட சித்தாந்தம்’ நூலில் குறை எண்களைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் வகுக்கவும் விதிகள் தந்தார். மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் வைத்தே அவ்விதிகள் சொல்லப்பட்டன. இந்த விதிகளை ஏற்றுக்கொண்டவருக்கு 4க + 20 = 4 தீர்வுள்ள சமன்பாடாகிவிடுகிறது.

இத்தாலியின் பீசா நகரத்து லியோனார்தோ, அதாவது பிபனாச்சி, இதே வாசலில் நின்று தயங்கியது இன்னும் சுவையானது. பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கின் அவையோடு தொடர்புள்ள வினாக்களுக்கு விடையளிக்கும் ‘ஃபிளோஸ்’ என்ற சிறு நூலை அவர் 1225ஆம் ஆண்டையொட்டி எழுதினார். அதில் நால்வர் ஒரு பண முடிப்பைக் கண்டெடுக்கும் கணக்கு வருகிறது. முடிப்பு முதலாமவனிடம் சேர்ந்தால், அவனிடம் இரண்டாமவனும் மூன்றாமவனும் வைத்திருப்பதைப் போல் இரு மடங்கு ஆகும். இரண்டாமவனிடம் சேர்ந்தால் மூன்றாமவன், நான்காமவன் பணத்தைப் போல் மும்மடங்கு. மூன்றாமவனிடம் சேர்ந்தால் நான்காமவன், முதலாமவன் பணத்தைப் போல் நான்கு மடங்கு. நான்காமவனிடம் சேர்ந்தால் முதலாமவன், இரண்டாமவன் பணத்தைப் போல் ஐந்து மடங்கு.

இக்கணக்குக்குத் தீர்வு இல்லை என்று நிறுவப்போவதாகச் சொல்லும் பிபனாச்சி, ஒரு விலக்கையும் சேர்க்கிறார்: முதலாமவனுக்குக் கடன் உண்டு என்று ஒப்புக்கொண்டால் தீர்வு உண்டு. விடை: முதலாமவனுக்கு 1 கடன், மற்ற மூவரிடம் 4, 1, 4, முடிப்பில் 11. சரிபார்த்துக்கொள்ளலாம். 11-இலிருந்து கடன் 1 போக 10. அது 4 + 1-இன் இரு மடங்கு. 4 + 11 = 15; அது 1 + 4-இன் மும்மடங்கு. 1 + 11 = 12; அது 4-இலிருந்து 1 போன 3-இன் நான்கு மடங்கு. 4 + 11 = 15; அதே 3-இன் ஐந்து மடங்கு. மற்ற எல்லாத் தீர்வுகளும் இதன் மடங்குகளே. ஆகவே முடிப்பில் பணம் இருக்கும் வரை முதலாமவன் கடன்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

தீர்வு இல்லை என்பது சமன்பாட்டைப் பற்றிய செய்தி மட்டும் இல்லை. எந்த எண்களுக்குள் தேடுகிறோம் என்பதைப் பற்றியதும்கூட. பிபனாச்சி இரண்டையும் ஒரே இடத்தில் சொல்லிவிட்டார்.

‘துஷ்டம்’ என்ற சொல்

முழு எண்களுக்குள் மட்டும் தேடினால் தடை வேறு விதமாக வரும். இருபது ரூபாய், ஐம்பது ரூபாய்த் தாள்கள் மட்டுமே புழங்கும் ஒரு கடையில் 135 ரூபாய் கொடுக்க முடியுமா? மீதித் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றாலும் முடியாது. இருபதும் ஐம்பதும் பத்தால் வகுபடும், 135 வகுபடாது. பின்னங்களை ஏற்றால் 20க + 50ச = 135 என்பதற்கு எண்ணற்ற தீர்வுகள் உண்டு. முழு எண்களில் ஒன்றுகூட இல்லை.

இவ்வகைச் சமன்பாடுகளை முழு எண்களில் தீர்க்கும் முறையை ஆரியபட்டர் கி.பி. 499இல் தந்தார். பின்னர் இது ‘குட்டகம்’ என்று பெயர் பெற்றது. பெரிய எண்களை இடித்துப் பொடியாக்குவது போலச் சிறிதாக்கிக்கொண்டே போவதால் அப்பெயர். இரண்டாம் பாஸ்கரர் 1150இல் எழுதிய ‘லீலாவதி’யில் குட்டகத்தைத் தொடங்கும்போதே ஒரு சோதனையைச் சொல்லிவிடுகிறார். வகுபடும் எண்ணையும் வகுக்கும் எண்ணையும் பொதுவாக வகுக்கும் ஓர் எண், கூட்டப்படும் எண்ணை வகுக்காவிட்டால் அந்தக் கேள்வியே ‘துஷ்டம்’, அதாவது பழுதானது.

இந்தச் சொல் எனக்குப் பிடிக்கும். பழி இங்கே மாணவனை விட்டுக் கேள்வி மேல் போய்விடுகிறது. அதோடு, கேள்வி பழுதா இல்லையா என்பதைக் கணக்கைச் செய்து களைத்த பிறகு அன்றி, தொடங்கும் முன்பே கண்டுபிடிக்கச் சொல்கிறார் பாஸ்கரர். தீர்வு உண்டா என்று முதலில் பார், பிறகு தேடு என்ற வரிசை அது.

எகிப்தில் பணிபுரிந்த அபூ காமில், பாஸ்கரருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவர். நூறு திர்கத்துக்கு நூறு பறவைகள் வாங்கும் கணக்குகளுக்கென்றே ‘பறவைகளின் நூல்’ என்ற சிறு நூலை எழுதினார். ஒரே கணக்குக்கு ஒருவர் ஒரு விடையும் மற்றொருவர் வேறு விடையும் சொல்லிச் சச்சரவிடுவதைக் கண்டு, ஒவ்வொரு கணக்குக்கும் மொத்தம் எத்தனை விடைகள் என்று எண்ணத் தொடங்கினார். ஒன்றுக்கு 2676 விடைகள் கண்டார். விடையே இல்லாத கணக்கும் அந்நூலில் உண்டு. ஒரு பறவை 3 திர்கம், இன்னொரு வகையில் 20 பறவை 1 திர்கம், மூன்றாம் வகையில் 3 பறவை 1 திர்கம். நூறு திர்கத்துக்கு நூறு பறவை, மூன்று வகையும் வாங்க வேண்டும். கணக்கைச் சுருக்கினால், முதல் வகையின் எண்ணிக்கையிலிருந்து 25-ஐக் கழித்து 160-ஆல் பெருக்கினால் இரண்டாம் வகையின் 17 மடங்கு கிடைக்க வேண்டும் என்று வரும். 17-க்கும் 160-க்கும் பொதுக் காரணி இல்லாததால் இரண்டாம் வகை 160-இன் மடங்காக இருந்தாக வேண்டும். நூறு பறவைக்குள் அது நடக்காது.

லைப்னிட்சின் நிபந்தனை

இதுவரை பார்த்தவற்றில் தடை எண்களிடமிருந்து வந்தது. எல்லா எண்களையும் ஏற்றுக்கொண்ட பிறகும் சமன்பாடுகள் தமக்குள் முரண்பட முடியும். அம்முரண்பாட்டைக் கெழுக்களைப் பார்த்தே சொல்ல முடியுமா என்று கேட்டவர்களுள் முதன்மையானவர் செருமானியரான லைப்னிட்சு.

தெரியாத எண்கள் இரண்டு, சமன்பாடுகள் மூன்று என்று வைத்துக்கொள்வோம். க + ச = 5, க − ச = 1 என்ற இரண்டிலிருந்து க = 3, ச = 2. மூன்றாவது 2க + ச = 8 என்றிருந்தால் ஒத்துப்போகும்; 2க + ச = 9 என்றிருந்தால் ஒத்துப்போகாது. பொதுவாக எப்போது ஒத்துப்போகும்? லைப்னிட்சு கெழுக்களுக்கு எழுத்துகளுக்குப் பதிலாக இரட்டை இலக்கங்களை அடையாளமாக வைத்தார். 21 என்றால் இருபத்தொன்று அல்ல. இரண்டாம் சமன்பாட்டில் முதல் மாறியின் கெழு என்று பொருள். சுழியத்தில் முடிவது மாறிலி. அந்த அடையாளங்களில் அவர் கண்ட நிபந்தனை இது:

10·21·32 + 11·22·30 + 12·20·31 = 10·22·31 + 11·20·32 + 12·21·30

இரு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் தீர்வு இல்லை. இதையே இன்று மூன்றுக்கு மூன்று அணிக்கோவையின் மதிப்பு சுழியம் என்று எழுதுகிறோம். 1693இல் பிரான்சின் லோப்பித்தாலுக்கு எழுதிய மடலில் லைப்னிட்சு இதை விளக்கினார். அம்மடல் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அச்சேறியது. ஆகவே அதற்கிடையே வந்தவர்களுக்கு இது பயன்படவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அணிக்கோவை பிறந்தது தீர்வைக் கணக்கிடுவதற்கு மட்டுமன்று, தீர்வு உண்டா என்று கேட்பதற்காகவும்தான். நாம் அணிக்கோவையைக் கிராமரின் விதியோடு சேர்த்துக் கற்பிக்கும்போது இது மறைந்துபோகிறது.

சுவிட்சர்லாந்தின் கிராமர் தம் விதியை 1750இல் வெளியிட்டார். அவ்விதியில் பகுதி சுழியமாகும்போது விடை சொல்ல முடியாமல் விதி நின்றுவிடும். அதே ஆண்டில் அச்சான ஒரு கட்டுரையில் ஆய்லர், 3க − 2ச = 5, 4ச = 6க − 10 என்ற இரண்டையும் காட்டி, பார்வைக்கு இரண்டு, உண்மையில் ஒன்றே என்றார். சமன்பாடுகளை எண்ணினால் போதாது, அவை ஒன்றையொன்று சார்ந்தவையா என்றும் பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை அது.

வானியலாரின் இக்கட்டு

பதினெட்டாம் நூற்றாண்டில் தீர்வில்லாச் சமன்பாடுகள் பாடநூலை விட்டு வெளியே வந்தன. வந்த இடம் வானியல். இங்கே சமன்பாடுகளை யாரும் விடையிலிருந்து கட்டவில்லை. ஒவ்வொரு நோக்கீடும் ஒரு சமன்பாடு. தொலைநோக்கியில் சிறு பிழை, கடிகாரத்தில் சிறு பிழை, கண்ணில் சிறு பிழை. தெரியாத எண்கள் மூன்று, நோக்கீடுகளோ முப்பது. இவை அனைத்தும் ஒத்துப்போகும் மூன்று எண்கள் கிடைப்பது அரிதினும் அரிது. கண்டிப்பாகச் சொன்னால் இவ்வகைத் தொகுப்பு எதற்கும் தீர்வு இல்லை. ஆனால் கப்பலோட்டிக்கும் நிலப்படம் வரைபவருக்கும் ‘தீர்வு இல்லை’ என்று சொல்லி அனுப்ப முடியாது.

ஆய்லரே இதில் மாட்டிக்கொண்டார். வியாழன், சனி ஆகிய கோள்களின் ஓட்டத்தில் காணும் ஒழுங்கின்மையைப் பற்றிப் பாரிசு அறிவியல் கழகம் 1748இல் பரிசுப் போட்டி வைத்தது. அதற்கு எழுதிய கட்டுரையில் அவரிடம் 1582 முதல் 1745 வரையிலான 75 நோக்கீடுகள் இருந்தன. பல சமன்பாடுகளைச் சேர்த்தால் பிழைகளும் சேர்ந்து பெருகும் என்று அஞ்சி, சிலவற்றை மட்டும் எடுத்து முயன்று, மனநிறைவான விடை கிடைக்காமல் விட்டுவிட்டார். அக்காலத்தின் மிகப் பெரிய கணித அறிஞர் அவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

அதே காலத்தில் நியூரம்பர்க்கில் நிலப்படம் வரைந்துகொண்டிருந்த தோபியாசு மாயர், நிலவின் ஊசலாட்டத்தை ஆராய்ந்தார். நிலவில் மனிலியசு என்ற பள்ளத்தின் இடத்தைப் பல நாட்கள் அளந்து 27 சமன்பாடுகள் பெற்றார். தெரியாதவை மூன்று. எந்த மூன்றை எடுத்துத் தீர்த்தாலும் விடை மாறியது. அவர் 27-ஐயும் ஒன்பது ஒன்பதாக மூன்று குழுக்களாகப் பிரித்தார். ஒரு கெழு மிகப் பெரிதாக வரும் ஒன்பது ஒரு குழு, மிகச் சிறிதாக வரும் ஒன்பது இன்னொரு குழு என்று தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு குழுவையும் கூட்டி மூன்று சமன்பாடுகளாக்கித் தீர்த்தார். 1750இல் இது வெளிவந்தது. ஒன்பது மடங்கு நோக்கீடுகள் என்பதால் விடை ஒன்பது மடங்கு துல்லியமானது என்று அவர் எழுதியது தவறு. பிழை குறைவது வர்க்கமூல அளவில்தான். ஆனாலும் ஆய்லர் அஞ்சிய இடத்தில் மாயர் துணிந்தார். பிழைகள் சேர்ந்து பெருகுவதில்லை, ஒன்றையொன்று பெரும்பாலும் கழித்துவிடுகின்றன என்பதைத் தம் கையாலேயே அளந்தவர் உணர்ந்திருந்தார் என்று தோன்றுகிறது.

புவியின் வடிவத்தை அறிய வெவ்வேறு இடங்களில் தீர்க்கக்கோட்டு வில்லின் நீளத்தை அளந்த கதையும் இதைப் போன்றதே. குவிட்டோ, நன்னம்பிக்கை முனை, ரோம், பாரிசு, லாப்லாந்து ஆகிய ஐந்து அளவீடுகள், தெரியாதவை இரண்டு. அளவீடுகளை இரண்டிரண்டாக எடுத்தால் பத்து இணைகள். பத்தும் பத்து விடை தந்தன. போசுகோவிச்சு என்ற இயேசு சபைத் துறவி, திருத்தங்களின் கூட்டுத்தொகை சுழியமாக இருக்க வேண்டும், குறி நீக்கிய திருத்தங்களின் மொத்தம் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்ற இரு கட்டுப்பாடுகளை வைத்தார். எல்லாச் சமன்பாடுகளையும் நிறைவு செய்ய முடியாவிட்டால், எல்லாவற்றிலும் மொத்தமாக மிகக் குறைவாகத் தவறும் விடையைத் தேடு என்பதே அதன் பொருள். கேள்வி இங்கே மாறிவிட்டது.

1805இல் பிரான்சின் லெழாந்தர், வால்மீன்களின் பாதையைப் பற்றிய நூலின் பின்னிணைப்பில் மீச்சிறு வர்க்க முறையை வெளியிட்டார். ஒவ்வொரு சமன்பாடும் எவ்வளவு தவறுகிறதோ அதை வர்க்கப்படுத்து. வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகச் சிறிதாகும்படி விடையைத் தேர்ந்தெடு. இப்படிச் செய்தால் எத்தனை மாறிகளோ அத்தனை சமன்பாடுகள் தாமாகவே கிடைக்கின்றன. மாயரைப் போலக் குழு பிரிக்கத் தேவையில்லை. ஆளுக்கொரு விடை வருவதும் இல்லை.

நான்கு ஆண்டுகள் கழித்துத் தம் நூலை வெளியிட்ட காவுசு, இம்முறையைத் தாம் 1795 முதலே பயன்படுத்தி வந்ததாக எழுதினார். லெழாந்தருக்கு இது பெரும் மனக்குறை. மடல் எழுதிக் கேட்டார், பின்னாளில் அச்சிலும் சாடினார். காவுசு பொய் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மேசைக்குள் இருந்த முறையால் மற்றவர்களுக்குப் பயன் இல்லை. உலகுக்குக் கொடுத்தவர் லெழாந்தர்.

முறை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வகுப்பறையில் செய்யக்கூடிய எடுத்துக்காட்டு ஒன்று. லாம்ப்டன் 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளக்கும் பணி விரிந்தது. முக்கோணம் அளப்பவர் எவருக்கும் வரும் சிக்கல் நம் மாணவர்க்கும் பாகைமானியோடு வரும். ஒருவர் மூன்று கோணங்களையும் அளந்து 52, 61, 68 பாகை என்று எழுதுகிறார். கூட்டினால் 181. முதல் கோணம் 52, இரண்டாவது 61, மூன்றாவது 68, மூன்றும் சேர்ந்து 180 என்ற நான்கு சமன்பாடுகளுக்குத் தீர்வு இல்லை.

நான்காவது வடிவியல் உண்மை. அதைத் தொட முடியாது. மிகையான ஒரு பாகையை மற்ற மூன்றிலிருந்து குறைக்க வேண்டும். ஒரே கோணத்திலிருந்து குறைத்தால் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1. இரு கோணங்களிலிருந்து அரை அரையாகக் குறைத்தால் ¼ + ¼ = ½. மூன்றிலும் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் 1/9 + 1/9 + 1/9 = ⅓. இதைவிடக் குறைக்க முடியாது. ஆகவே கோணங்கள் 51 பாகை 40 கலை, 60 பாகை 40 கலை, 67 பாகை 40 கலை. மூன்று அளவீடுகளில் ஒன்றும் அப்படியே நிறைவு பெறவில்லை. ஆனால் ஒன்றும் அதிகமாக வஞ்சிக்கப்படவும் இல்லை.

ஆலிசின் ஆசிரியரும் அணித்தரமும்

தீர்வு உண்டா இல்லையா என்பதற்கு எல்லாத் தொகுப்புகளுக்கும் பொருந்தும் ஒரே சோதனை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. அதைத் தெளிவாக அச்சில் கூறியவர்களுள் முந்தியவர் ஆக்சுபோர்டில் கணிதம் கற்பித்த சார்லசு தாட்சன். அவரை உலகம் அறிந்தது லூயி கரோல் என்ற புனைபெயரில், ‘அற்புத உலகில் ஆலிஸ்’ கதையின் ஆசிரியராக. அக்கதை 1865இல் வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து 1867இல் அணிக்கோவைகள் பற்றிய அவருடைய பாடநூல் வந்தது. ஆலிசை விரும்பிப் படித்த விக்டோரியா அரசியார் அடுத்த நூலையும் அனுப்பச் சொன்னதாகவும், போய்ச் சேர்ந்தது இந்த அணிக்கோவை நூல் என்றும் ஒரு கதை உண்டு. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று தாட்சனே மறுத்திருக்கிறார். ‘மேட்ரிக்ஸ்’ என்ற சொல்லும் அவருக்குப் பிடிக்கவில்லை. அது எண்களை வார்க்கும் அச்சைக் குறிக்குமே தவிர எண்களின் அடுக்கைக் குறிக்காது என்று சொல்லி ‘பிளாக்’ என்றே எழுதினார்.

சோதனை இதுதான். கெழுக்களை மட்டும் அடுக்கி ஓர் அணி. வலப்பக்க எண்களையும் சேர்த்து இன்னோர் அணி. இரண்டிலும் உண்மையில் தனித்து நிற்கும் நிரைகள் எத்தனை என்று பார்க்க வேண்டும். இவ்வெண்ணிக்கைக்கு அணித்தரம் என்று பெயர். பெயரிட்டவர் செருமனியின் புரோபேனியசு, 1879இல். தரம் சமமானால் தீர்வு உண்டு. சமமாக இல்லாவிட்டால் இல்லை. தொடக்கத்தில் பார்த்த எடுத்துக்காட்டில் கெழுக்கள் (1, 1), (2, 2). இரண்டாவது முதலாவதின் இரு மடங்கு, தரம் 1. வலப்பக்கத்தைச் சேர்த்தால் (1, 1, 10), (2, 2, 23), இரு மடங்கு அல்ல, தரம் 2. எனவே தீர்வு இல்லை. 0 = 3 என்று நாம் கண்டது இதையே.

இத்தேற்றத்தின் பெயர் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இத்தாலியில் ரூஷே–கபெல்லி, பிரான்சில் ரூஷே–போந்தனே, உருசியாவில் குரோனெக்கர்–கபெல்லி, எசுப்பானியாவில் ரூஷே–புரோபேனியசு. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் இத்தாலிய வழக்கைப் பின்பற்றுகிறது. தாட்சனின் பெயர் எதிலும் இல்லை.

முழு எண்களுக்கான சோதனையை ஆக்சுபோர்டின் இன்னொரு கணித அறிஞரான என்றி சிமித்து 1861இலேயே பொதுவாக நிறுவியிருந்தார். ஒரே ஒரு சமன்பாட்டுக்கு அதைப் பொருத்தினால் நம் கடைக் கணக்குக்கே வந்து சேரும். 20, 50 ஆகியவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 10; 135-ஐயும் சேர்த்தால் 5. இரண்டும் சமமில்லை, தீர்வு இல்லை. பாஸ்கரர் ‘துஷ்டம்’ என்று சொன்னதும் இதுவே.

இருபதாம் நூற்றாண்டில்

தீர்வில்லாத தொகுப்புக்கு மிக நெருங்கிய விடையை நேரடியாகத் தரும் ‘பொதுமைப்படுத்திய நேர்மாறு’ என்ற கருத்தை அமெரிக்காவின் மூர் 1920இல் முன்வைத்தார். அது பரவவில்லை. 1955இல் இங்கிலாந்தின் ரோசர் பென்ரோசு அதை மீண்டும் தாமாகவே கண்டடைந்தார். அதே ஆண்டில் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சி. ஆர். ராவ், புள்ளியியல் தேவைக்காக நேர்மாறு இல்லாத அணிக்கு இத்தகைய ஒன்றைப் பயன்படுத்தினார். பின்னர் சுஜித் குமார் மித்ராவுடன் சேர்ந்து அவர் 1971இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று.

போலந்தின் காச்மார்சு 1937இல் வேறு வழியைக் காட்டினார். ஏதேனும் ஓர் ஊகத்தில் தொடங்கு. முதல் சமன்பாடு நிறைவு பெறும்படி அதைச் சற்றே நகர்த்து. பிறகு இரண்டாவதுக்கு, மூன்றாவதுக்கு, மீண்டும் முதலாவதுக்கு. தீர்வு இருந்தால் ஊகம் அதை நோக்கிப் போய்ச் சேரும். இல்லாவிட்டால் ஒரு சிறு பகுதிக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நகர்வையும் சிறிதாக்கினால் அந்தச் சுற்று மீச்சிறு வர்க்க விடையை நெருங்கும்.

ஊகத்தைச் சிறிது சிறிதாகத் திருத்தும் இவ்வகை முறை மருத்துவமனைக்குள் நுழைந்தது சி.டி. ஸ்கேன் வழியாக. காட்பிரே அவுன்சுபீல்டு அமைத்த முதல் கருவி தலையை 180 கோணங்களிலிருந்து, கோணத்துக்கு 160 அளவீடு வீதம், மொத்தம் 28,800 முறை ஊடுகதிரால் அளந்தது. ஒவ்வோர் அளவீடும் ஒரு ஒருபடிச் சமன்பாடு: கதிர் கடந்து வந்த சிறு கட்டங்கள் ஒவ்வொன்றும் கதிரை எவ்வளவு விழுங்கின என்பதன் கூட்டுத்தொகை. படத்தில் 80-க்கு 80 ஆக 6,400 கட்டங்கள். அத்தனையும் தெரியாத எண்கள். அளவீடுகளில் சிறு பிழைகள் இருக்கும் வரை 28,800 சமன்பாடுகளும் ஒருசேர நிறைவு பெற வாய்ப்பில்லை. 1971 அக்டோபர் 1 அன்று இலண்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மூளையில் கட்டி இருக்கலாம் என்ற ஐயத்துடன் வந்த ஒரு நோயாளிக்கு இக்கருவி முதன்முதலாகப் பயன்பட்டது. படத்தில் கட்டி தெரிந்தது.